கோடிங் பழக்கம் விட்டுப்போனவர்கள் இணையதளம் கட்ட எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

2000-களின் தொடக்கத்தில் கணினி மையங்களில் எச்.டி.எம்.எல் (இணையப் பக்கம் எழுதும் குறியீட்டு மொழி) படித்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். நோட்பேடில் டேக் எழுதிப் பழகி, ஃபிரன்ட்பேஜிலோ டிரீம்வீவரிலோ ஒரு சிறிய தளம் செய்துவிட்டு, பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டவர்கள். இப்போது குடும்பக் கடைக்கோ, டியூஷன் மையத்துக்கோ, பழைய மாணவர் சங்கத்துக்கோ ஒரு இணையதளம் தேவைப்படுகிறது. "நீதான் கம்ப்யூட்டர் படித்தவனாயிற்றே" என்று பொறுப்பு அவர்கள் தலையில் வந்து விழுகிறது.

தேடிப் பார்த்தால் கருவிகள் ஏராளம். எல்லாமே "கோடிங் தேவையே இல்லை" என்றுதான் விளம்பரம் செய்கின்றன. அந்த வாக்கியம் கோடிங் அறவே தெரியாதவருக்காக எழுதப்பட்டது. கொஞ்சம் தெரிந்து, பாதி மறந்தவருக்கு அது எந்த வழியும் காட்டுவதில்லை. இந்தக் கட்டுரை அவருக்காக.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டுவது எளிதா என்பதை வைத்துக் கருவியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இன்றைக்கு எல்லாக் கருவியிலும் கட்டுவது எளிதுதான். எழுதியதையும் படங்களையும் முழுதாக வெளியே எடுத்துக்கொண்டு இன்னோர் இடத்துக்குப் போக முடியுமா என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். உங்களிடம் மிச்சமிருக்கும் பழைய அறிவு பயன்படப்போவதும் அங்கேதான்.

முதலில்: கைவசம் இருப்பதைக் கணக்கெடுங்கள்

படித்தது எல்லாம் வீணாகிவிட்டது என்று பலர் தயங்குகிறார்கள். அப்படி இல்லை. தலைப்பு, பத்தி, பட்டியல், இணைப்பு, படம் ஆகியவற்றுக்கான டேக்குகள் அன்றைக்கு இருந்தபடியே இருக்கின்றன. ஒரு கோப்புறைக்குள் படம் எங்கே இருக்கிறது என்று பாதை எழுதும் முறை மாறவில்லை. பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சி.எஸ்.எஸ்ஸில் நிறம், எழுத்தளவு, ஓர இடைவெளி எழுதிய முறையும் மாறவில்லை. சமைக்கத் தெரிந்தவருக்கு அடுப்புதான் மாறியிருக்கிறது.

காலாவதியானவை எவை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டேபிளை வைத்துப் பக்கத்தை இடம், வலம் என்று பிரிப்பதை மறந்துவிடலாம். அந்த வேலையைச் சி.எஸ்.எஸ்ஸில் ஃபிளெக்ஸ்பாக்ஸும் கிரிட்டும் எடுத்துக்கொண்டுவிட்டன. கிரிட் 2017-இல் முக்கியமான பிரவுசர்களுக்கெல்லாம் வந்து சேர்ந்தது. ஃபான்ட் டேக், ஃபிரேம் இரண்டும் போய்விட்டன. பக்கத்தில் அசையும் படங்களைக் காட்டிய ஃபிளாஷுக்கு அடோபி 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்தியது. சர்வரில் ஓடும் பி.எச்.பி மொழியைப் படித்தவர்களுக்கு ஒரு தனிச் செய்தி: அன்று மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தோடு இணைக்கக் கற்றுக்கொண்ட பழைய கட்டளைகள் 2015 டிசம்பரில் வந்த பி.எச்.பி 7-இல் அடியோடு நீக்கப்பட்டுவிட்டன. பழைய நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுதினால் ஓடாது.

புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டுதான். ஒன்று, பக்கம் முதலில் கைபேசித் திரைக்குப் பொருந்த வேண்டும். அதற்கு வியூபோர்ட் என்ற ஒரு மெட்டா டேக் உண்டு. அது இல்லாவிட்டால் கைபேசியில் எழுத்து எறும்பு ஊர்வதுபோலத் தெரியும். மற்றொன்று, முகவரி எச்.டி.டி.பி.எஸ் என்று தொடங்க வேண்டும். 2018 ஜூலையிலிருந்து குரோம் பிரவுசர் அது இல்லாத தளங்களைப் 'பாதுகாப்பற்றது' என்று காட்டுகிறது. அதற்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகவே வழங்குவதால், இதற்குத் தனியாகப் பணம் கேட்கும் ஹோஸ்டிங் (தளத்தை வைக்க இணையத்தில் இடம் தரும்) நிறுவனத்தைத் தவிர்த்துவிடலாம்.

ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, நோட்பேடில் ஒரு பக்கத்தை எழுதிப் பாருங்கள். தலைப்பு, இரண்டு பத்தி, ஒரு படம், ஓர் இணைப்பு போதும். கை தானாக எழுதினால் நீங்கள் நினைப்பதைவிட உங்களுக்கு அதிகம் தெரியும். ஒவ்வொரு வரிக்கும் தேடிப் பார்க்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. எந்தக் கருவி பொருந்தும் என்பதற்கு அதுவும் ஒரு விடைதான்.

அடுத்து: தாளில் எழுதுங்கள்

கணினியை மூடிவிட்டு ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். தளத்தில் என்னென்ன பக்கங்கள் வேண்டும் என்று எழுதுங்கள். பெரும்பாலும் ஐந்தாறு பக்கங்களில் முடிந்துவிடும்.

பிறகு மிக முக்கியமான கேள்வி: இதை யார் புதுப்பிப்பார்கள்? நீங்கள் ஒருவரே என்றால் எந்தக் கருவியும் சரி. கடையில் உட்காரும் உங்கள் அண்ணியோ, சங்கத்தின் செயலாளரோ கைபேசியிலிருந்தே விலையை மாற்ற வேண்டும், படம் ஏற்ற வேண்டும் என்றால் பாதிக் கருவிகள் அங்கேயே கழிந்துவிடும். உங்களுக்குப் பிடித்த கருவி அவர்களுக்குப் புரியாவிட்டால், ஒவ்வொரு தீபாவளித் தள்ளுபடிக்கும் இரவு பத்து மணிக்கு உங்களுக்குத்தான் அழைப்பு வரும்.

பணம் வாங்கும் வசதி வேண்டுமா என்பதும் இங்கேயே முடிவாகட்டும். சிறிய கடைகளுக்கு முழு ஆன்லைன் விற்பனை ஏற்பாடு தொடக்கத்தில் தேவைப்படுவதில்லை என்பது என் கருத்து. சேலைப் படங்கள், விலை, வாட்ஸ்அப் பொத்தான் இவை போதும். வாட்ஸ்அப் இணைப்பில் எண்ணை எழுதும்போது முன்னால் 91 சேர்க்க வேண்டும். கூட்டல் குறி, பூஜ்ஜியம், இடைவெளி, கோடு எதுவும் வரக் கூடாது. வாடிக்கையாளர் பேசி முடித்ததும் யுபிஐயில் பணம் அனுப்பிவிடுவார். ஆர்டர்கள் கையில் அடங்காமல் பெருகும்போது விற்பனை மென்பொருளைப் பற்றி யோசிக்கலாம்.

கருவிகளில் எந்தக் குடும்பம்?

சந்தையில் நூறு பெயர்கள் இருந்தாலும் குடும்பங்கள் நான்குதான்.

முதல் குடும்பம், இழுத்துப் போட்டுக் கட்டும் கட்டணச் சேவைகள்: விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ் போன்றவை. ஹோஸ்டிங், பாதுகாப்பு, புதுப்பிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒரே நாளில் பார்வைக்கு அழகான தளம் கிடைத்துவிடும். மாதச் செலவு மற்றவற்றைவிட அதிகம். பழைய கோடிங் அறிவு இங்கே அதிகம் பயன்படாது. விக்ஸில் ஒரு டெம்ப்ளேட்டை (தயாராக வைத்திருக்கும் வடிவமைப்பு) தேர்ந்து தளத்தைக் கட்டிவிட்டால், அதே தளத்துக்கு இன்னொரு டெம்ப்ளேட்டை மாற்றிப் போட முடியாது என்பதைத் தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, கூகுள் சைட்ஸ். கூகுள் கணக்கு இருந்தால் இலவசம், சொந்த டொமைனையும் (தளத்தின் முகவரிப் பெயர்) இணைத்துக்கொள்ளலாம். தோற்றத்தை மாற்ற அதிகம் இடம் தராது. சி.எஸ்.எஸ்ஸைத் தொடவே முடியாது. ஆனால் ஒரு கோயில் திருப்பணிக் குழுவுக்கோ, பள்ளியின் வகுப்புப் பக்கத்துக்கோ இதற்கு மேல் என்ன வேண்டும்? பலர் இதைச் சிறுபிள்ளை விளையாட்டாக ஒதுக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பயன்படுத்துபவர்களுக்குக் கூகுள் டாக்ஸ் தெரிந்திருந்தால் இதுவும் தெரியும்.

மூன்றாவது, வேர்ட்பிரஸ். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

2003-இல் தொடங்கிய வேர்ட்பிரஸில்தான் இன்று உலக இணையதளங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவை ஓடுகின்றன. ஆனால் அந்தப் பெயரில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் என்ற தளத்தில் கிடைப்பது மென்பொருள். இலவசமாக இறக்கி, நீங்கள் வாங்கிய ஹோஸ்டிங்கில் நிறுவிக்கொள்ளலாம். வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது ஒரு நிறுவனம் அதே மென்பொருளை வைத்து நடத்தும் சேவை. அங்கே எதை நிறுவலாம், எதை மாற்றலாம் என்பது நீங்கள் கட்டும் சந்தாவைப் பொறுத்தது. புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான்.

கோடிங் பாதி தெரிந்தவருக்கு வேர்ட்பிரஸ் நல்ல பொருத்தம். 2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பிலிருந்து பக்கத்தைப் பிளாக்குகளாக அடுக்கிக் கட்டலாம். பெரும்பாலான பிளாக்குகளை எச்.டி.எம்.எல்லாகத் திறந்து திருத்தலாம். தெரிந்த அளவுக்குக் கோடை எழுதிக்கொள்ளலாம், தெரியாததைக் கருவியிடம் விட்டுவிடலாம். நினைவு திரும்பத் திரும்ப உங்கள் கை இன்னும் ஆழமாகப் போகும்.

அதற்கான விலை பராமரிப்பு. மென்பொருள், தீம் (தளத்தின் தோற்றம்), பிளக்இன் (கூடுதல் வசதி சேர்க்கும் துணை மென்பொருள்) மூன்றையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். வேர்ட்பிரஸ் தளங்களுக்குள் திருடர்கள் பெரும்பாலும் நுழைவது புதுப்பிக்காமல் விட்ட பிளக்இன் வழியாகத்தான். அதனால் பிளக்இன்களைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். படிவத்துக்கு ஒன்று, பேக்கப்புக்கு ஒன்று இருந்தால் சிறு தளத்துக்கு ஏறக்குறையப் போதும். பக்கத்தை அலங்கரிக்கும் கனமான பில்டர் பிளக்இன்களைத் தொடக்கத்திலேயே சேர்க்காதீர்கள். பிறகு அதை நீக்கினால் அது அமைத்த பக்கங்கள் கலைந்துபோகும்.

வாங்கும் முன் முயன்று பார்க்க வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்டு என்று ஒன்று இருக்கிறது. ஹோஸ்டிங் வேண்டாம், பதிவு வேண்டாம். பிரவுசருக்குள்ளேயே ஒரு முழு வேர்ட்பிரஸ் ஓடும். ஆசைப்பட்ட தீம் ஒவ்வொன்றையும் அதில் போட்டுப் பார்த்துவிட்டு மூடிவிடலாம்.

நான்காவது குடும்பம் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம்: ஸ்டாட்டிக் தளம் உருவாக்கிகள். ஜெக்கில், ஹியூகோ, எலெவென்டி ஆகியவை இந்த வகை. மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டில் நீங்கள் எழுதித் தருவதைக் கருவி எச்.டி.எம்.எல் கோப்புகளாக மாற்றித் தரும். அவற்றைச் சர்வரில் ஏற்றினால் வேலை முடிந்தது. தரவுத்தளம் கிடையாது, பி.எச்.பி கிடையாது, திருடுவதற்கு உள்ளே ஒன்றும் கிடையாது. 2003-இல் நாம் எஃப்.டி.பி-யில் கோப்புகளை ஏற்றிய அதே முறைதான். தலைப்பையும் மெனுவையும் ஒவ்வொரு பக்கத்திலும் கையால் திருத்தும் தொல்லை மட்டும் தீர்ந்துவிட்டது.

இந்தக் கருவிகளைப் பெரும்பாலும் கட்டளை வரியில் தட்டச்சு செய்துதான் இயக்க வேண்டும். அதைக் கண்டால் தயங்குபவர்களுக்குப் பப்ளி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் நிறுவலாம். சாதாரண எடிட்டரைப் போல எழுதினால் அது ஸ்டாட்டிக் தளத்தை உருவாக்கி ஏற்றிவிடும். ஒரே ஒருவர் பராமரிக்கும் தளத்துக்கு நான் மனதார பரிந்துரைப்பது இதைத்தான். ஆனால் கடையிலிருந்து அண்ணி கைபேசியில் விலை மாற்ற வேண்டும் என்றால் இந்தக் குடும்பம் பொருந்தாது.

இந்தத் தளங்களை வைக்கக் கிட்ஹப் பேஜஸ் இலவச இடம் தருகிறது. ஆனால் ஆன்லைன் வணிகத்தை நடத்த அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதன் விதிகளே சொல்கின்றன. சங்கம், நூலகம், உங்கள் சொந்த எழுத்து இவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு வேறு இடம் பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் முழுத் தளத்தையும் எழுதித் தந்துவிடுமே என்று கேட்கலாம். தரும். அதைப் படித்துப் புரிந்துகொள்ளவும், தவறான வரியைக் கண்டுபிடிக்கவும் உங்கள் பழைய படிப்பு உதவும். அது தரும் கோப்புகளை உங்கள் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ள முடிந்தால் பயன்படுத்துங்கள். அதன் சேவைக்குள் மட்டுமே தளம் உயிரோடிருக்கும் என்றால் அது முதல் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், அந்தக் கணக்கிலேயே வையுங்கள்.

தமிழில் சோதித்துப் பாருங்கள்

கருவிகளின் மாதிரிப் பக்கங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். அழகாகவும் இருக்கும். நம் எழுத்தைப் போட்டதும் குட்டு வெளிப்படும். அதனால் இரண்டு கருவிகளைத் தேர்ந்து, இரண்டிலும் ஒரே தமிழ்ப் பக்கத்தைக் கட்டிப் பாருங்கள். அதைக் கைபேசியில் திறந்து பாருங்கள்.

தலைப்பில் 'கீழூர் கூட்டுறவு நூற்பாலை' போன்ற ஒரு வரியைப் போடுங்கள். ஆங்கிலத்துக்கென்று நெருக்கமாக வைத்த வரி இடைவெளியில் 'கீ'யின் மேல்சுழி முந்தைய வரியில் முட்டும், 'ழூ', 'கூ' ஆகியவற்றின் வால் அடுத்த வரியில் இடிக்கும். சில தீம்களில் தலைப்பு எழுத்துகளுக்கு நடுவே கூடுதல் இடைவெளி விடும் அமைப்பு இருக்கும். ஆங்கிலத்தில் அது நாகரிகமாகத் தெரியும். தமிழில் சொல் தனித்தனி எழுத்தாகப் பிய்ந்து நிற்கும். வரி இடைவெளியைக் கூட்டவும் எழுத்திடைவெளியைப் பூஜ்ஜியமாக்கவும் கருவி அனுமதிக்கிறதா என்று பாருங்கள். சி.எஸ்.எஸ்ஸில் இரண்டே வரி வேலை. அமைப்பிலோ சி.எஸ்.எஸ்ஸிலோ இதை மாற்ற வழியே தராத கருவியில் தமிழ்த் தளம் கட்டுவது வீண் பாடு.

எழுத்துருவையும் பாருங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, முக்தா மலர், கேட்டமரன் (Catamaran) ஆகியவை கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கின்றன. கருவியின் பட்டியலில் இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும், அல்லது வெளியிலிருந்து சேர்க்க வழி இருக்க வேண்டும்.

பக்க முகவரியில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. வேர்ட்பிரஸ் நீங்கள் வைக்கும் தமிழ்த் தலைப்பையே முகவரியாக்கிவிடும். யுனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். முகவரியில் அது சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக விரியும். வேர்ட்பிரஸின் தரவுத்தளம் முகவரிக்கு ஒதுக்கியிருப்பது 200 எழுத்து. ஆக, இருபத்திரண்டு குறிகளுக்குள் முகவரி அறுந்துவிடும். உயிர்மெய்யில் மெய்க்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று என்று இரண்டு குறிகள் போய்விடுவதால் இரண்டு மூன்று சொல்லிலேயே இடம் தீர்ந்துவிடும். அந்த இணைப்பை வாட்ஸ்அப்பில் நகலெடுத்து ஒட்டினால் பார்ப்பவர் வைரஸ் என்று நினைத்துத் தொடாமல் விட்டாலும் விடுவார். பக்கத்தை வெளியிடும் முன் முகவரியை மட்டும் சிறிய ரோமன் எழுத்தில் மாற்றிவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்புகள் இருந்தால் அவற்றை யுனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்றுங்கள். பாமினியில் இருப்பதைத் தேடுபொறி தமிழாகப் படிக்காது.

வெளியேறும் வழியைச் சோதியுங்கள்

சேவைகள் மூடப்படும். தளம் வைக்க இலவச இடம் தந்த ஜியோசிட்டிஸ் 2009-இல் மூடப்பட்டது. கூகுள் தன் பிசினஸ் புரொஃபைல் வழியாகக் கடைகளுக்குத் தந்த இலவசத் தளங்களை 2024 மார்ச்சில் நிறுத்தியது. மூடாவிட்டாலும் கட்டணம் ஏறும். அப்போது எதை எடுத்துக்கொண்டு போக முடியும்?

சோதனைப் பக்கத்தைக் கட்டிய அன்றே ஏற்றுமதிப் பொத்தானைத் தேடுங்கள். விக்ஸில் கட்டிய தளத்தை வேறு சர்வருக்கு எடுத்துப் போக முடியாது. ஸ்கொயர்ஸ்பேஸ் ஒரு எக்ஸ்.எம்.எல் கோப்பு (வேறு கருவிகளும் படிக்கக்கூடிய வடிவம்) தரும், ஆனால் எல்லா வகைப் பக்கங்களும் அதில் வராது. கூகுள் சைட்ஸில் கட்டியதைக் கூகுள் டேக்அவுட் வழியாக இறக்கலாம். ஸ்டாட்டிக் தளத்தில் இந்தக் கேள்வியே எழாது, கோப்புகள் எல்லாம் உங்கள் கணினியில்தான் இருக்கின்றன.

வேர்ட்பிரஸின் ஏற்றுமதியில் ஒரு கண் வையுங்கள். கருவிகள் பகுதியில் அது தரும் எக்ஸ்.எம்.எல் கோப்பில் எழுத்துகள் எல்லாம் இருக்கும், படங்கள் இருக்காது. படங்களின் முகவரி மட்டுமே இருக்கும். புதிய தளத்தில் இறக்கும்போது பழைய தளம் உயிரோடிருந்தால்தான் படங்கள் வந்து சேரும். ஹோஸ்டிங்கை நிறுத்திய பிறகு அந்தக் கோப்பைத் திறந்தால் படங்கள் இருந்த இடமெல்லாம் வெறுமையாகத்தான் இருக்கும். ஆகவே படங்கள் இருக்கும் அப்லோட்ஸ் கோப்புறையையும் தரவுத்தளத்தையும் தனியாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எஃப்.டி.பி தெரிந்த உங்களுக்கு இது கைவந்த வேலை.

டொமைன் உங்கள் பெயரில் இருக்கட்டும்

கருவி எதுவாக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு துணிக்கடையின் டொமைனைத் தளம் செய்து தந்தவர் தன் பெயரில் பதிவு செய்துவிட்டார். பிறகு அவர் தொடர்பில் இல்லை. விலைப்பட்டியலிலும் பைகளிலும் அச்சிட்டிருந்த முகவரி காலாவதியாகி வேறு யார் கைக்கோ போய்விட்டது. கடைக்காரர் பெயர்ப்பலகையையே மாற்ற வேண்டியதாயிற்று.

டொமைனைக் கடை உரிமையாளரின் பெயரில், அவருடைய மின்னஞ்சலில், அவருடைய கைபேசி எண்ணில் பதிவு செய்யுங்கள். நீங்கள் குடும்பத்தில் ஒருவராக இருந்தாலும் அப்படியே செய்யுங்கள். டொமைனை ஓரிடத்திலும் ஹோஸ்டிங்கை வேறிடத்திலும் வாங்குவது நல்லது. ஒன்றை மாற்றும்போது மற்றொன்று சிக்கிக்கொள்ளாது. விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது முதல் ஆண்டு விலை. புதுப்பிக்கும்போது கட்டப்போவது வேறு. அந்த இரண்டாவது விலையை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். சங்கத் தளங்களில் ஆண்டுதோறும் பொறுப்பாளர்கள் மாறுவதால் கடவுச்சொல், புதுப்பிக்கும் தேதி, பணம் கட்டிய ரசீது மூன்றும் நிர்வாகக் குழுவின் கோப்பில் இருக்க வேண்டும்.

வெளியிடுங்கள்

தளம் முழுமையாகட்டும் என்று காத்திருந்தால் மாதங்கள் ஓடிவிடும். முகவரி, நேரம், தொலைபேசி எண், இரண்டு நல்ல படங்கள் கொண்ட ஒரே பக்கத்தை முதலில் வெளியிடுங்கள். பழைய ஆண்ட்ராய்டு கைபேசி ஒன்றில், வைஃபையை நிறுத்திவிட்டு, மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். மெதுவாக வந்தால் பெரும்பாலும் படங்கள்தான் காரணம். கேமராவிலிருந்து வரும் படம் பல எம்பி இருக்கும், அதை ஏற்றும் முன் அகலத்தை ஆயிரத்து இருநூறு பிக்சலுக்குக் குறைத்துவிடுங்கள்.

பிறகு தளத்தைப் புதுப்பிக்கப்போகிறவரை அருகில் உட்கார வைத்து, ஒரு விலையை அவரே மாற்றட்டும். நீங்கள் மௌஸைத் தொடாதீர்கள். அவர் தடுமாறும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு மட்டும் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கடையின் மேசைக்கு அருகில் ஒட்டுங்கள். அந்தக் குறிப்பின் கடைசி வரியாகப் பேக்கப் எடுக்கும் தேதியையும், பேக்கப் இருக்கும் இடத்தையும் எழுதிவிடுங்கள்.